அக்கா கத்தவில்லை என்று நான் சொன்னேன்

எனக்கு எழுபத்தேழு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு பேர் நான் பெற்றவர்கள், ஒருத்தி என் அக்கா பெற்றவள். ஐந்து பேரில் எது எவருடைய பிள்ளை என்று வெளியாள் வந்து கண்டுபிடிக்க முடியாதபடிதான் வளர்த்தேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸின் முன்பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அக்காவின் மகளுடைய கடைசிப் பெட்டை. என்னை அம்மம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"நீங்கள் கதைக்கிற மாதிரியே எழுதினால் வடிவாயிராது அம்மம்மா. நான் எழுத்துத் தமிழாக்கி விடுறன்" என்றாள்.

"ஆக்கு. ஆனால் சொன்னதைக் குறைக்காதை, சொல்லாததைக் கூட்டாதை" என்றேன்.

என் வயதை ஒத்தவர்களே, இது உங்களுக்குத்தான் விளங்கும். பதினாலு பதினைந்து வயதில், பட்டணத்துத் தியேட்டரில், பெண்கள் பக்கத்து மரவாங்கில் இருந்து படம் பார்த்தவர்கள் நீங்கள். ஆனால் உங்களுக்கு முன்னால் இதை அறிந்திருக்க வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள். அக்காவின் மகள். தன் தாயை விருப்பத்துக்கு மாறாக ஒருவனுக்குப் பிடித்துக் கொடுத்தவர் எங்கள் ஐயா என்று அவள் ஐம்பது வருடத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஐயா எங்கள் தகப்பனார். சுவரில் தொங்குகிற அவருடைய படத்துக்கு அவள் ஒரு பூ வைக்க மாட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இல்லையடி பிள்ளை, அவரில்லை என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

போன மாதம் இந்தப் பெட்டை தன்னுடைய கணினியை மடியில் வைத்துக்கொண்டு, "உங்கடை காலத்துப் படம் ஏதும் பாப்பமோ?" என்று கேட்டாள். எனக்கு யோசிக்கத் தேவை இருக்கவில்லை. ஒரே ஒரு படம்தான். அதன் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் பாட்டைத் தொடங்கிவிடுவீர்கள், மிச்சத்தைக் கேட்க மாட்டீர்கள்.

அந்தப் படத்தை நான் மூன்று தரம் பார்த்தேன். முதல் தரம் அக்காவையும் என்னையும் சின்னம்மா பகல் காட்சிக்குக் கூட்டிப் போனா. உரும்பிராயிலிருந்து பட்டணத்துக்கு பஸ். பங்குனி வெயிலில் நின்றுவிட்டு உள்ளே போனால் கண் தெரியாது, வாங்குகளைத் தடவித் தடவித்தான் இடம் பிடிக்க வேண்டும். காலடியில் கச்சான் கடலைக் கோது நொறுங்கும். முகப்பவுடர் மணம், வியர்வை மணம், ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து சுருட்டு மணம். வாங்கின் இடுக்கில் மூட்டைப்பூச்சி. எதுவும் எனக்கு உறைக்கவில்லை.

கதை இதுதான். வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவன் பணக்காரப் பெண் ஒருத்தியின் பின்னால் போகிறான். அவள் வண்டியை மறிக்கிறான். மதிலேறிக் குதிக்கிறான். அவள் யன்னலைச் சாத்துகிறாள், சாத்திய யன்னலுக்கு வெளியே நின்று பாடுகிறான். கடைசியில் ஆற்றங்கரையில் அவள் கையைப் பிடிக்கிறான். அவள் ஒன்றும் பேசவில்லை. பாட்டுத் தொடங்குகிறது. தியேட்டர் முழுக்கக் கை தட்டியது. நானும் கை சிவக்கத் தட்டினேன். பக்கத்தில் இருந்த அக்கா கையை மடிக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியில் வந்து சின்னம்மா பாட்டுப் புத்தகம் வாங்கித் தந்தா. திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா கேட்டாள்:

"உவனுக்கு வேறை வேலைவெட்டி இல்லையோ?"

"எவனுக்கடி?" என்றா சின்னம்மா.

"உந்தப் படத்திலை வாறவனுக்கு. விடிஞ்சால் பொழுதுபட்டால் அந்தப் பெட்டையின்ரை பின்னாலை திரியிறான். எப்ப சாப்பிடுறவன்?"

சின்னம்மா சிரித்த சிரிப்பில் கொண்டக்டர் திரும்பிப் பார்த்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்கொண்டும் விளங்காது. அவவுக்கும் உள்ளுக்கை விருப்பம்தான். வெளியிலைதான் கோவம் மாதிரிக் காட்டுறா."

"அவள் பயந்துபோய் நிக்கிறாள். நீ இருந்து சிரிக்கிறாய்" என்றாள் அக்கா.

"படிச்சுப் படிச்சு உனக்கு மண்டை காய்ஞ்சு போச்சு" என்றேன்.

அக்காவுக்கு அப்போது பதினெட்டு. எனக்குப் பதினைந்து. வீட்டில் ஒரு பெண்ணைத்தான் படிக்க வைக்கலாம் என்ற நிலையில் அவள் படித்தாள், நான் ஆட்டுக்குக் குழை முறித்தேன். அதில் எனக்கு மனத்தாங்கல் இருந்ததில்லை என்று இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். இருந்தது. பெரிய பரீட்சையில் சித்தியடைந்து, ஆசிரியப் பயிற்சிக்கு எழுதிப்போட்டு, அந்தக் கடிதத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். கிழமையில் மூன்று நாள் மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு ரீச்சர் வீட்டில் ஆங்கில வகுப்பு. பருவப்பட்ட பெண் தனியே போகக் கூடாது. ஆகவே துணைக்கு நான். அவள் உள்ளே படிக்க, நான் வெளியே வேப்பமரத்தின் கீழ் இருந்து அந்தப் படத்துப் பாட்டுகளை முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். எனக்குத் தடங்காமல் வாசிக்க வராததால் புத்தகத்திலிருந்து பாட்டுகளை வாசித்துப் பாடமாக்கித் தந்தவளும் அக்காதான். படம் பிடிக்காவிட்டாலும் தங்கச்சிக்காக வாசித்தாள்.

துணை போகிறவள் என்றால் வெறும் துணை மட்டுமல்ல. அது உங்களுக்குத் தெரியும். ஒரு பெண்ணிடம் அவளுடைய கலியாண விருப்பத்தை நேரே கேட்பது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. கேட்டால் அவளுக்கு வெட்கம், கேட்டவருக்கு மரியாதைக் குறைவு. துணை போனவளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவள் சொன்னால் சரி.

எங்கள் ஊர்ச் சங்கக்கடையில், கூட்டுறவுக் கடையில், ஒருவன் மனேஜராக இருந்தான். ஊர் அவனை அவர் என்றது. நான் இங்கே அவன் என்றே சொல்கிறேன், இந்த வயதில் எனக்கு அந்த உரிமை உண்டு. குடியில்லை, சுருட்டில்லை, நெற்றியில் எப்போதும் திருநீறு. வண்ணான் தேய்த்த மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டைதான் எனக்குக் கண்ணை மறைத்தது.

முதல் நாள் வாழைத்தோட்ட வளைவில் சைக்கிளோடு நின்றான். நாங்கள் கடந்ததும் மணி இரண்டு தரம் அடித்தது. அடுத்த வகுப்பு நாளும் அதே இடம், அதே இரண்டு மணிச் சத்தம். பிறகு எங்களுக்குப் பின்னால் மெதுவாக உருட்டிக்கொண்டு வரத் தொடங்கினான். சங்கிலியின் கிறுகிறு சத்தம் முதுகில் வந்து முட்டும்.

"திரும்பிப் பாராதை" என்பாள் அக்கா. அவள் கை என் கையைப் பிடித்திருக்கும். அந்த வெயிலிலும் அது ஈரமாக இருக்கும்.

"வீட்டிலை சொல்லுவமே அக்கா?"

"சொன்னால் உவனையே மறிப்பினம்? என்னைத்தான் மறிப்பினம். வகுப்பு நிண்டுபோம். கடிதம் வருமட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருப்பம்."

பிறகு அவள் வழியை மாற்றினாள். றோட்டை விட்டுப் புகையிலைத் தோட்ட வரம்பால் போனோம். பாவாடைக் கரையெல்லாம் செம்பாட்டு மண். ஒரு கிழமை மணிச் சத்தம் இல்லை. அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அந்தக் கிழமை நான் சீனி வாங்கச் சங்கக்கடைக்குப் போனேன். தராசில் சீனியைப் போட்டபடி அவன் அக்காவைப் பற்றிக் கேட்டான்:

"தங்கச்சி, கொக்கா இப்ப றோட்டாலை வாறேல்லைப்போல?"

"புகையிலைத் தோட்டத்தாலை போறம்" என்றேன்.

அந்தப் படத்தில் கதாநாயகிக்கு ஒரு தோழி வருவாள். பகிடிக்காரி. கதாநாயகி எங்கே போகிறாள் என்று கதாநாயகனுக்கு இரகசியமாகச் சொல்கிறவள் அவள்தான். சங்கக்கடைப் படியை விட்டு இறங்கியபோது நான் அவளாகவே நடந்து வந்தேன். சீனிப் பையோடு அவன் ஒரு புதுப் பாட்டுப் புத்தகமும் தந்திருந்தான்.

அக்கா அதை என் பெட்டியில் கண்டாள்.

"இது ஆர் தந்தது?"

"சங்கக்கடையிலை."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. புத்தகத்தை விரித்து, எப்போதும் போல எனக்கு வாசித்தாள். முதல் பக்கத்திலிருந்து, ராகமில்லாமல், செத்த வீட்டு அறிவித்தல் வாசிக்கிற மாதிரி. கதைச்சுருக்கம் முடிகிற இடத்தில், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்பதையும் விடாமல் வாசித்து, மூடி என் மடியில் வைத்தாள். அதன்பிறகு எந்த வழியால் போகப் போகிறோம் என்று எனக்கு முன்கூட்டிச் சொல்ல மாட்டாள். ஒவ்வொரு சந்தியிலும் நின்று, அந்த இடத்தில்தான் தீர்மானிப்பாள். 

இருக்கிற வழி எத்தனை? மூன்று. அவனுக்கும் அது தெரியும்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். புகையிலை நெஞ்சளவுக்கு நின்றது. காற்றில்லை. பச்சைப் புகையிலையின் காரம் தொண்டையில் பிடித்தது. தூரத்தில் கிணற்றுத் துலா ஏறி இறங்குகிற கிறீச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மணி இரண்டு தரம் அடித்தது. பின்னாலிருந்து இல்லை. முன்னாலிருந்து.

வரம்புக்குக் குறுக்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றான். முதலில் அக்காவின் குடையை வாங்கினான். வாங்கினான் என்ன, பிடுங்கினான். பிறகு கையைப் பிடித்தான்.

"இண்டைக்கு ஒரு மறுமொழி சொல்லிப்போட்டுப் போம்."

அக்கா கத்தவில்லை. பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மிக மெதுவாக, "விடும்" என்றாள். அவன் சிரித்தான். நான் ஐந்தடி பின்னால் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருக்கிற மாதிரித்தான் நின்றேன்.

துலா மிதிக்கிறவன் உச்சிக்கு ஏறும்போது சுற்றுவட்டாரத் தோட்டமெல்லாம் அவன் கண்ணுக்குள் வந்துவிடும். அன்று மிதித்தவன் எங்களைக் கண்டுவிட்டான். மத்தியானச் சோற்றுக்கு முன் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் காலை பெரியையா வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். ஐயாவின் தமையனார். எங்கள் குடும்பத்தில் அவர் சொல்லுத்தான் சொல்லு. சங்கக்கடைக்காரன் விடியவே குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு அவரிடம் போய், சீதனமும் வேண்டாம், பெண்ணைத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறான்.

"இனி உவளை ஆர் கட்டுவினம்? அவர் வலியக் கேக்கிறார். குடுத்துவிடு" என்றார் பெரியையா.

ஐயா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "பெட்டைக்கு விருப்பமில்லையெண்டால் நான் குடுக்கன் அண்ணை. ஊர் என்னவும் கதைக்கட்டும்."

பிள்ளை, இந்த வரியை வடிவாக எழுது. ஐயா அப்படிச் சொன்னார்.

"அப்பிடியெண்டால் துணை போனவளைக் கூப்பிடு" என்றார் பெரியையா.

நான் போய் நின்றேன். அறை வாசல் திரைச்சீலைக்குக் கீழே அக்காவின் கால்விரல்கள் தெரிந்தன.

"உள்ளதைச் சொல்லு பிள்ளை. கொக்காவுக்கு அவரிலை விருப்பமோ?"

"ஓம்" என்றேன்.

ஐயா கேட்டார்: "உனக்கெப்பிடித் தெரியும்? அவள் சொன்னவளோ?"

"சொல்லேல்லை. வெளியிலைதான் கோவம். கையைப் பிடிக்கேக்கை அக்கா கத்தேல்லை ஐயா. துலாவடியிலை ஆக்கள் நிண்டவை. கத்தியிருக்கலாம். கத்தேல்லை."

பெரியையா துடையில் தட்டினார். "பேந்தென்ன? விருப்பமில்லாதவள் வாயைப் பொத்திக்கொண்டு நிப்பாளோ?"

ஐயா மேலே ஒன்றும் கேட்கவில்லை. திரைச்சீலைக்குக் கீழே கால்விரல்களைக் காணவில்லை.

குசினிக்குள் அக்கா அம்மாவிடம், "என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே அம்மா" என்றாள்.

"உதெல்லாம் பெட்டையளிட்டைக் கேக்கிறதே? தங்கச்சி எல்லாம் சொல்லிப்போட்டாள். பேசாமல் இரு" என்றா அம்மா.

அக்கா என் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"உனக்குப் பிடிச்ச படம்தானே. இருந்து பார்."

எட்டாம் நாள் எழுத்து. கலியாணத்துக்கு முன் பதிவுகாரர் வீட்டுக்கு வந்து இருவரிடமும் கையெழுத்து வாங்குவார், அதைத்தான் எழுத்து என்போம். எழுத்து முடிந்தால் பெண் அந்த வீட்டுக்காரி. அக்காவின் கையெழுத்து முத்து முத்தாக இருந்ததைப் பதிவுகாரர் மெச்சினார். நாலு நாள் கழித்துப் பயிற்சிக் கல்லூரிக் கடிதம் வந்தது. ஐயா அதை அக்காவிடம் கொடுக்கவில்லை. முறைப்படி அவனிடம் கொடுத்தார். அவன் நின்ற நிலையில் வாசித்து, இரண்டாக மடித்து, வெள்ளைச் சட்டைப் பைக்குள் வைத்து, "பாப்பம்" என்றான். அந்தக் கடிதத்தைப் பிறகு எவரும் காணவில்லை.

மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் எங்கள் வழக்கம், ஆனால் சீதனமில்லாத பெண் ஆதலால் அவன் வரவில்லை. அவளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். இரண்டு ஒழுங்கை தள்ளித்தான், இரண்டு சந்துத் தூரம். எங்கள் ஊரில் வளவுக்கு வளவு வேலி இருக்கும், வேலிக்கு வேலி பொட்டும் இருக்கும். பொட்டென்றால் ஆள் குனிந்து போகிற ஓட்டை. பெண்கள் றோட்டுக்கு இறங்காமல் பொட்டால் பொட்டால் புகுந்து ஊரின் ஒரு தொங்கலிலிருந்து மற்றத் தொங்கலுக்குப் போய்விடுவோம். உப்புக் கடனும் ஊர்ப் புதினமும் அதன் வழியாகத்தான் போகும். அவளைக் கொண்டுபோன மாதமே அவன் கிழக்குப் பொட்டை அடைத்தான். அடுத்த வேலியடைப்புக்குத் தெற்குப் பொட்டையும் அடைத்தான். பிறகு வேலியின் தென்னோலைக் கிடுகை ஒரு வரிசை கூட்டி உயர்த்தினான். ஊர் என்ன சொன்னது தெரியுமா? "வேலியைப் பாருங்கோ, மனிசன் என்ன துப்புரவு!" என்றது.

நான் போனால் படலையில் நின்றுதான் கூப்பிட வேண்டும். முதல் இரண்டு வருடம் அக்கா வந்து கதைப்பாள். ஒழுங்கை முகப்பில் மணி இரண்டு தரம் அடித்தால், சொல்லிக்கொண்டிருந்த சொல்லை அரைவாசியில் விட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்தச் சொல்லின் மிச்சத்தை அடுத்த முறையும் சொல்ல மாட்டாள். பிறகு அவனே படலைக்கு வரத் தொடங்கினான். "அவ தலையிடியெண்டு படுத்திருக்கிறா. நான் சொல்லுறன்." மரியாதையாகத்தான் சொல்வான். மரியாதையாகத்தான் படலையைச் சாத்துவான்.

நான் கலியாணம் முடித்து ஒரு வருடம். ஒரு நாள் காலை முற்றம் கூட்டிக்கொண்டிருக்கிறேன், ஒழுங்கையில் அக்காவின் மகள் தனியே வருகிறாள். நாலு வயது. சட்டை முதுகுப்புறம் கிழிந்திருக்கிறது. முதுகெல்லாம் கிடுகு கீறின கோடு. வேலிக்கு அடியால் ஊர்ந்து வந்திருக்கிறது குழந்தை.

"சின்னம்மா, அம்மா எழும்புறா இல்லை."

நெருப்புக் காய்ச்சல். பதினொரு நாளாய்க் கிடந்திருக்கிறாள். இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் இருந்த எங்களுக்குத் தெரியாது. அடுத்த வளவுக்காரருக்கே தெரியாது. கார் பிடித்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாள் இருந்தாள். என்னை அடையாளம் கண்டாளா என்று எனக்குத் தெரியாது. "தலையிடி எண்டுதான் படுத்தவ" என்று அவன் எல்லோருக்கும் சொன்னான். ஆண்டுத் திவசம் முடிந்ததும் வேறு ஊரில் கலியாணம் செய்துகொண்டு போனான். மகளைக் கேட்டு வரவில்லை. வந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

இனி, போன மாதத்துக்கு வருகிறேன். அந்தப் படம். 

தொடக்கத்தில் எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது. பாட்டு வரும்முன் அடியை நான் எடுத்துக் கொடுத்தேன். அரைவாசிக்கு மேல் இந்தப் பெட்டை முகத்தைச் சுளித்தாள்.

"அம்மம்மா, உந்தாள் ஏன் உவவின்ரை பின்னாலையே திரியிறான்? பொலிசிலை சொல்லேலாதோ?"

"சும்மா இரடி. பாட்டைக் கேள்" என்றேன்.

ஆற்றங்கரை வந்தது. அவன் கையைப் பிடித்தான். நான் மூன்று தரம் பார்த்த காட்சி. மூன்று தரமும் அவனைத்தான் பார்த்திருக்கிறேன். இந்த முறை திரை சின்னது, கண்ணாடி போட்டுக் கிட்ட இருந்து பார்த்ததில் அவள் முகம் தெரிந்தது. பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு கண் மெல்லப் பின்னால் போகிறது, யாரும் நிற்கிறார்களா என்று. அங்கே தோழி நிற்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"நிப்பாட்டு" என்றேன்.

பெட்டை நிறுத்தினாள். படம் அந்தச் சிரிப்பிலேயே நின்றது. நடித்தவவுக்கு அப்படிப் பார் என்று சொல்லிக் கொடுத்தார்களா, தெரியாது. எனக்கு அதுவல்ல கவலை. அக்கா அன்று வரம்பில் ஏன் கத்தவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கத்தினால் ஊர் கூடும். ஊர் கூடினால் வகுப்பு நிற்கும். கடிதம் வருமட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் எனக்குச் சொல்லித்தான் இருந்தாள். அதே மௌனத்தைத்தான் நான் கொண்டுபோய் விறாந்தையில் விருப்பமென்று வைத்தேன்.

பதினைந்து வயதுப் பெட்டைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்ல வேண்டாம். சீனி வாங்கப் போன இடத்தில் வழியைச் சொன்னேனே, சொல்லக் கூடாதென்று அப்போதே எனக்குத் தெரியும். படித்த அக்காவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது என்ற பெருமையில் சொன்னேன். நான் ஒருவருக்கும் தலை குனிந்து நின்றவள் அல்ல. அதனால்தான் இத்தனை வருடம் ஐயாவை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் நின்றேன்.

பெட்டை எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"அம்மம்மா, உது அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"நீங்களே சொல்லுங்கோவன்."

"வாய் வரேல்லையடி. வந்திருந்தால் உன்னட்டை ஏன் எழுதுவிக்கிறன்? கொம்மா குசினியிலை நிக்கிறா. கூப்பிட்டு எனக்கு முன்னாலை இருத்து. முதலிலையிருந்து வாசி. நான் சொன்ன சொல்லு வாற இடத்திலை சத்தத்தைக் குறைக்காதை. இடையிலை அவ எழும்பிப் போனால் மறிக்க வேண்டாம்."